மாலை ஆறரை மணிச் செய்தி

1983ஆம் ஆண்டு சனவரி மாதத் தொடக்கத்தில், மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. ஒரு பெட்டி, ஒரு கிதார், சில தாள்கள் ஆகியவையே அவருடைய உடைமைகள். தம்முடைய பழைய வோக்ஸ்வாகன் மகிழுந்தை விற்றுப் பெற்ற பணத்தைக் கொண்டு அவர் அந்நகருக்கு வந்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு ஓரளவே வரும்.

அந்த இளைஞரின் பெயர் ஹோர்ஹே ராமோஸ். மூன்றே முக்கால் ஆண்டுகள் கழித்து, அமெரிக்கா முழுவதிலும் ஸ்பானிய மொழி பேசுவோர் மாலைதோறும் பார்க்கும் தேசியச் செய்தியறிக்கையின் வாசிப்பாளர் இருக்கையில் அவர் அமர்ந்தார். அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்விருக்கையிலேயே இருந்தார்.

ராமோஸ் 1958இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். அங்குள்ள ஈபரோ அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் பயின்றார். பின்னர் நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சி நிறுவனமான தெலெவீசாவில் செய்தியாளராகச் சேர்ந்தார். அந்நாளில் மெக்சிகோவில் ஒரே கட்சி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆட்சி செய்துகொண்டிருந்தது. குடியரசுத் தலைவரைக் குறைகூறும் செய்தி தொலைக்காட்சியில் இடம்பெறுவது அரிது. மெக்சிகோ மக்கள் அதிகாரத்தை எவ்வாறு நோக்குகின்றனர் என்பது பற்றி ராமோஸ் ஒரு செய்தித் தொகுப்பை உருவாக்கினார். ஆட்சியைக் குறைகூறும் எழுத்தாளர்களின் கருத்துகளும் அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றை நீக்கி மாற்றி எழுதுமாறு மேலிடம் பணித்தது. ராமோஸ் இணங்கவில்லை, வேலையைத் துறந்தார். ஒரே பெரிய நிறுவனமே தொலைக்காட்சித் துறையை ஆண்டுகொண்டிருந்த நாட்டில் வேலையைத் துறப்பது எளிய செயலன்று. துறந்த பின் போவதற்கு வேறு இடம் ஏது? நாட்டைவிட்டே அவர் புறப்பட்டதற்கு அதுவே காரணம்.

லாஸ் ஏஞ்சல்சில் அவர் பல்கலைக்கழகத்தின் இதழியல் வகுப்புகளில் சேர்ந்தார். உணவகத்தில் மேசைகளுக்கு உணவு பரிமாறிப் பிழைத்தார். 1984ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கே.எம்.இ.எக்ஸ். என்னும் உள்ளூர் ஸ்பானியத் தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குச் செய்தியாளர் பணி கிடைத்தது.

அந்நிலையத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாக அறிவது நன்று. 1962இல் தொடங்கப்பெற்ற அது, கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிகோ வழித்தோன்றல்களின் குரலாக வளர்ந்தது. ராமோஸ் அங்குச் சேர்வதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதன் செய்தி இயக்குநராக ரூபன் சாலசார் என்பவர் பணியாற்றினார். மெக்சிகோவின் எல்லை நகரான சியுதாத் ஹுவாரெசில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர். ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நாளிதழுக்காக வியட்நாம் போரை நேரில் கண்டு எழுதியவர். புகழ்பெற்ற ஓர் ஆங்கில நாளிதழின் முழுநேரப் பணியை விட்டுச் சிறிய ஸ்பானிய நிலையத்திற்கு ஒருவர் செல்வது பலருக்கு வியப்பை அளித்தது. தாம் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அம்மக்களிடமே அவர்களுடைய மொழியில் பேச வேண்டும் என்பது சாலசாரின் விருப்பம். நாளிதழில் வாரந்தோறும் ஒரு பத்தியும் எழுதிவந்தார். 1970 ஆகஸ்டு 29 அன்று கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் வியட்நாம் போரை எதிர்த்து மாபெரும் பேரணி நடந்தது. செய்தி திரட்டச் சென்ற சாலசார், களைப்பாற ஒரு சிறு விடுதிக்குள் அமர்ந்திருந்தார். காவலர் ஒருவர் அவ்விடுதிக்குள் செலுத்திய கண்ணீர்ப்புகைக் குண்டு அவர் தலையில் பாய்ந்து உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அச்சாவிற்காக எவர்மீதும் குற்ற வழக்கு நடத்தப்படவில்லை.

ராமோஸ் வேலைக்குச் சேர்ந்த செய்தியறை அத்தகைய நினைவுகளைத் தாங்கிய இடமாகும்.

ஸ்பானிய மொழித் தொலைக்காட்சிக்கு எதிர்காலம் இல்லை என்று அந்நாளில் பலர் எண்ணினர். குடியேறியோரின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பர். பெற்றோரின் மொழியை மறப்பர். ஆகவே ஒரு தலைமுறைக்குள் இத்தகைய நிலையங்கள் மூடப்படும் என்பது அவர்களுடைய கணிப்பு. தம்மிடமும் அவ்வாறு கூறப்பட்டதை ராமோஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். கணிப்பு பொய்த்தது. 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இலத்தீன் அமெரிக்க வழியினர் 1.46 கோடிப் பேர் இருந்தனர். 2020இல் அவர்களின் தொகை 6.21 கோடியாக உயர்ந்தது.

1986இல் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பிற்காலத்தில் யூனிவிஷன் என்று பெயர் பெற்ற தேசிய ஸ்பானிய ஒளிபரப்பு நிறுவனத்தின் செய்திப் பிரிவுக்குத் தலைமையேற்க, மெக்சிகோவிலிருந்து தெலெவீசாவின் புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் ஹகோபோ சாப்லுதோவ்ஸ்கி வரவிருந்தார். அவர் மெக்சிகோ அரசுக்கு நெருக்கமானவர் என்று கருதிய பணியாளர்கள் கொதித்தெழுந்தனர். பலர் பதவி விலகினர். அவரது வருகை கைவிடப்பட்டது. ஆயினும் செய்தியறை வெறுமையாகிவிட்டது. மயாமி நகரில் காலை நிகழ்ச்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த இருபத்தெட்டு வயது ராமோசை அழைத்து வாசிப்பாளர் இருக்கையில் அமர்த்தினர். எந்த நிறுவனத்தின் தணிக்கையை வெறுத்து அவர் நாட்டைவிட்டு வந்தாரோ, அதே நிறுவனத்தின் பெயரால் எழுந்த பூசலே அவருக்கு அவ்விருக்கையைப் பெற்றுத் தந்தது.

விரைவில் அவருடன் மரியா எலேனா சாலினாஸ் இணைந்தார். இவர் குடியேறியவர் அல்லர், குடியேறியோரின் மகள். மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1954இல் லாஸ் ஏஞ்சல்சில் பிறந்தவர். இவரும் அதே கே.எம்.இ.எக்ஸ். நிலையத்தில் 1981இல் பணியைத் தொடங்கியவர். தம் தந்தை ஒரு காலத்தில் கத்தோலிக்கத் துறவற நெறியில் குருவாக இருந்தவர் என்னும் செய்தியைத் தந்தையின் மறைவுக்குப் பின்னரே அறிந்த சாலினாஸ், ஆவணங்களையும் உறவினரையும் தேடிச் சென்று அவருடைய வாழ்வை அறிந்தார். அதனை 2006இல் நூலாகவும் வெளியிட்டார். 2017 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே செய்தி வழங்கினர். ராமோசின் பெயரே மிகுதியாகப் பேசப்படுவது சாலினாசுக்கு முழு நீதி செய்வதாகாது.

மாலை ஆறரை மணிச் செய்தியில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. ஸ்பானியம் ஒரே மொழியாயினும் அதனைப் பேசும் நாடுகள் இருபதுக்கு மேல். மெக்சிகோவில் பேருந்தைக் ‘கமியோன்’ என்பர். பிற நாடுகள் பலவற்றில் அச்சொல் சரக்குந்தைக் குறிக்கும். கியூபாவிலும் புவெர்த்தோ ரிக்கோவிலும் பேருந்து ‘குவாகுவா’ ஆகும். சிலி நாட்டிலோ குவாகுவா என்றால் கைக்குழந்தை! ‘குவாகுவா மோதியது’ என்று செய்தி வாசித்தால் சிலி நாட்டவர் என்ன நினைப்பார்? அவரை வகைக்கும் மெக்சிகோவில் ஒரு பெயர், புவெர்த்தோ ரிக்கோவில் ஒரு பெயர், வெனிசுவேலாவில் வேறொரு பெயர். எனவே எல்லோருக்கும் விளங்கும் பொதுச் சொற்களைத் தேர்ந்து எழுதுவது அச்செய்தியறையின் அன்றாடக் கடமையாயிற்று.

தலைவர்களிடம் கடினமான கேள்விகளைக் கேட்பது ராமோசின் வழக்கம். 1991இல் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் கியூபாத் தலைவர் பிடல் காஸ்ட்ரோ நடந்து செல்கையில், அவருடன் நடந்தவாறே கியூபாவில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தலாகாதா என்று கேட்டார். காஸ்ட்ரோ நட்புடன் அவர் தோள்மேல் கையைப் போட்டார். அணைத்தவரிடம் வன்மையாகக் கேள்வி கேட்பது எவ்வாறு? ராமோஸ் அக்கையிலிருந்து விலகிக் கேள்வியைத் தொடர்ந்தார். ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாக அவ்வுரையாடல் நீடித்தது. மெய்க்காவலர் அவரைத் தள்ளிவிட்டார்.

2008இல் குடியரசுத் தலைவர் தேர்தல் வேட்பாளராக இருந்த பராக் ஒபாமா, தாம் வென்றால் முதல் ஆண்டிலேயே குடியேற்றச் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவருவதாக ராமோசிடம் கூறினார். அது நடைபெறவில்லை. 2012இல் மயாமிப் பல்கலைக்கழக மேடையில் ராமோஸ் அவ்வாக்குறுதியை அவரிடம் நேருக்கு நேர் நினைவூட்டினார். சீர்திருத்தம் நிறைவேறாததே தம் மிகப் பெரிய தோல்வி என்று ஒபாமா ஒப்புக்கொண்டார். 2015இல் அயோவா மாநிலத்தின் துபுயூக் நகரில் டொனால்டு டிரம்பின் செய்தியாளர் கூட்டத்தில், அழைக்கப்படும் முன்பே எழுந்து நின்று கேள்வி கேட்டதால் ராமோஸ் வெளியேற்றப்பட்டார். சிறிது நேரத்திற்குப் பின் மீண்டும் உள்ளே அனுமதிக்கப்பட்டார். 2019 பிப்ரவரியில் வெனிசுவேலாவின் தலைவர் நிக்கோலஸ் மதுரோவை அவருடைய மாளிகையில் பேட்டி கண்டார். குப்பை வண்டியிலிருந்து உணவெடுத்து உண்ணும் இளைஞர்களின் காட்சியைக் கையடக்கக் கணினியில் அவருக்குக் காட்டினார். பதினேழாம் நிமிடத்தில் மதுரோ எழுந்து சென்றார். ஒளிப்படக் கருவிகளும் பதிவும் பறிமுதல் செய்யப்பட்டன. குழுவினர் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகத் தடுத்து வைக்கப்பட்டு, மறுநாள் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். பின்னர் அப்பேட்டியின் பதிவு எவ்வாறோ கிடைத்து ஒளிபரப்பாகியது.

செய்தியாளர் இவ்வாறு ஒரு பக்கம் நிற்கலாமா என்று உடன் பணியாற்றுவோர் சிலரே வினவினர். துபுயூக் நிகழ்ச்சியில் அவர் செய்தியாளராக அன்றிப் போராளியாக நடந்துகொண்டார் என்பது அவர்களின் குறை. மனித உரிமை, இனவெறுப்பு, அரசுகளின் பொய் முதலியவற்றில் நடுநிலை பொருந்தாது என்பது ராமோசின் மறுமொழி. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் அவர் வெவ்வேறு கட்சிகளையும் வெவ்வேறு நாடுகளையும் சார்ந்த தலைவர்களிடம் கடுமையாகவே கேட்டார் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

2007 செப்டம்பரில் அவரும் சாலினாசும் நடத்திய ஒரு விவாதம் வேறு வகையில் நினைவில் நிற்கிறது. குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்பியோர் ஸ்பானியத் தொலைக்காட்சியில் தோன்றி விவாதித்தது அதுவே முதன்முறை. கேள்விகள் ஸ்பானியத்தில் கேட்கப்பட்டன. மறுமொழிகள் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்பட்டன. மேடையில் நின்றோருள் பில் ரிச்சர்ட்சன், கிறிஸ் டாட் ஆகிய இருவருக்கு ஸ்பானியம் நன்கு தெரியும். ஆனால் எவருக்கும் கூடுதல் வாய்ப்பு அமையலாகாது என்பதற்காக, எல்லோரும் ஆங்கிலத்திலேயே விடையளிக்க வேண்டும் என்று விதி வகுத்திருந்தனர். மெக்சிகோத் தாயின் மகனான ரிச்சர்ட்சன், ஸ்பானிய விவாதத்தில் ஸ்பானியம் பேசத் தடையா என்று மேடையிலேயே வருந்தினார்.

குடியேறியோரின் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலத்திலேயே செய்தி பார்க்கத் தொடங்கியபோது, அவர்களுக்காக ராமோஸ் 2013இல் ஆங்கில நிகழ்ச்சி ஒன்றையும் தொடங்கினார். அவருடைய ஆங்கிலத்தில் மெக்சிகோ ஒலிப்பு இறுதிவரை மாறவே இல்லை. ஸ்பானியச் செய்தியை அதற்காக அவர் கைவிடவும் இல்லை.

2022இல் யூனிவிஷனும் தெலெவீசாவின் ஊடகப் பிரிவும் ஒரே நிறுவனமாக இணைந்தன. இளமையில் விட்டு வந்த நிறுவனம் முதுமையில் அவரைத் தேடி வந்தது போலாயிற்று. 2024 டிசம்பரில் ராமோஸ் தம் இறுதிச் செய்தியறிக்கையை வழங்கி, அவ்விருக்கையிலிருந்து எழுந்தார்.

சொற்பொருள்

தணிக்கை – வெளியிடும் முன் ஆராய்ந்து பகுதிகளை நீக்குதல்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
பூசல் – சச்சரவு
இடர்ப்பாடு – தொல்லை
மறுமொழி – விடை
பறிமுதல் – அதிகாரத்தால் பொருளைக் கைப்பற்றுதல்

பயிற்சி

1. ராமோஸ் தெலெவீசாவை விட்டு விலகியது ஏன்? அம்முடிவு அவருக்கு ஏன் கடினமானதாக இருந்திருக்கும்?

2. ரூபன் சாலசார் ஸ்பானிய நிலையத்திற்குச் சென்றதன் நோக்கத்தை உங்கள் சொற்களில் எழுதுக.

3. காஸ்ட்ரோ தோள்மேல் கை போட்டபோது ராமோஸ் விலகியது முறையா? காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.

4. ‘விலகினர், விளங்கும், வழங்கினர்’ – இச்சொற்களில் வரும் ல, ள, ழ ஒலிகளை வேறுபடுத்தி உரக்கப் படிக்க.

5. பின்வரும் தொடரில் வினையெச்சங்களை அடிக்கோடிடுக: ‘ஆவணங்களையும் உறவினரையும் தேடிச் சென்று அவருடைய வாழ்வை அறிந்தார்.’

6. உங்கள் தாத்தா, பாட்டி, பெற்றோர் ஆகியோரிடம் அவர்களுடைய ஊரில் மட்டும் வழங்கும் சொற்கள் ஐந்தினைக் கேட்டு எழுதுக. வகுப்பில் வேறு ஊரைச் சேர்ந்த நண்பரின் பட்டியலுடன் ஒப்பிடுக. பின்னர் உங்கள் பள்ளியில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை, இருவர் வீட்டாருக்கும் விளங்கும் தமிழில், மாலைச் செய்தியாக எழுதி வகுப்பில் வாசித்துக் காட்டுக.