பந்தலூர்ப் பொன்னும் பாதரசமும்

வகுப்பு: 10, அறிவியல்
பாடப்பொருள்: தாதுவை அடர்ப்பித்தல், இரசக்கலவை

தாது, தாதுக்கூளம் ஆகிய சொற்களை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவர். ஆனால் கூடலூர், பந்தலூர், தேவாலா பகுதி மாணவர்களுக்கு இப்பாடம் வீட்டருகே இருக்கிறது.

பின்னணி

இப்பகுதியின் குவார்ட்ஸ் பாறைகளில் தங்கம் சிறு துகள்களாக உள்ளது. குறும்பர், பணியர் மக்கள் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்து வந்தனர். 1880இல் பிரவ் ஸ்மித் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து லண்டனில் பல நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. எதிர்பார்த்த பொன் கிடைக்காததால் சில ஆண்டுகளிலேயே அவை மூடப்பட்டன. சுரங்கக் குழிகள் மட்டும் எஞ்சின. அவற்றில் இரகசியமாகத் தோண்டியவர்கள் மண் சரிந்து இறந்ததும் உண்டு.

செயல்பாடு 1

ஒரு தட்டில் மணலும் சிறிது இரும்புத்தூளும் கலந்து, நீர் ஊற்றி மெல்லச் சுழற்றச் செய்க. மணல் நீரோடு வெளியேறும், இரும்புத்தூள் தங்கும். குவார்ட்ஸின் அடர்த்தி சுமார் 2.65, இரும்பு 7.9, வெள்ளி 10.5, தங்கம் 19.3 (கி/செ.மீ³). காரணத்தை மாணவர்களே கூறட்டும்.

செயல்பாடு 2

இயற்கைத் தங்கத்தில் வெள்ளியும் கலந்திருக்கும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும், தங்கம் கரையாது. வெள்ளி குறைவாக இருந்தால் அமிலம் உட்புகாது. எனவே வெள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து உருக்கிய பிறகே பிரிப்பர். கரைந்த வெள்ளியைக் கண்டறியும் முறையை ஆசிரியரே செய்து காட்டுக: வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில துளி உப்புக்கரைசல் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும்.

எச்சரிக்கை

அரைத்த பாறைத்தூளில் பாதரசம் சேர்த்தால் அது தங்கத்தையும் வெள்ளியையும் பற்றி இரசக்கலவையாகும். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், உலோகம் எஞ்சும். பாதரசத்தின் கொதிநிலை 357°செ, அடுப்பே போதும். இந்த எளிமைதான் ஆபத்து. அடுப்படியில் நிற்கும் தாயும் குழந்தையும் அந்த ஆவியைச் சுவாசிப்பர். அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். ஓடையில் சேரும் பாதரசம் மீன் வழியே உணவுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டா நகரம் இதற்குச் சான்று. எனவே வகுப்பில் பாதரசத்தைப் பயன்படுத்த வேண்டாம். கரும்பலகையில் படம் வரைந்து விளக்குக.

கலந்துரையாடல்

1. ஆவியான பாதரசம் எங்கே செல்கிறது?
2. குழி சொந்த நிலத்தில் இருந்தாலும், 1957ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி உரிய குத்தகையின்றித் தோண்ட முடியாது. ஏன்?

ஆசிரியர் கவனத்திற்கு

வகுப்பில் யாருடைய தந்தையேனும் இத்தொழிலுக்குச் செல்லக்கூடும். பெயர் கேட்க வேண்டாம். குற்றம் சாட்டும் தொனியும் வேண்டாம். வீட்டிற்குச் சென்று, "அப்பா, அடுப்படியில் காய்ச்ச வேண்டாம்" என்று ஒரு பிள்ளை காரணத்தோடு சொன்னால், இப்பாடத்தின் கற்றல் விளைவு எட்டப்பட்டது.