வண்டியில் ஆயில் விளக்கு எரிந்தால்...



நம் குழுக்கள் சில கடன் வாங்கி சுமை ஆட்டோ, மினி லாரி ஓட்டுகின்றன. "வண்டி விஷயம் டிரைவருக்குத்தான் தெரியும்" என்று நாம் ஒதுங்கிக்கிறோம். ஆனால் இன்ஜின் போனால் தவணை கட்டப் போவது டிரைவர் இல்லை, நாம்தான். அதனால் இந்த மாதப் பாடம் ஆயில் விளக்கு.

விளக்கு சொல்வது என்ன?

சாவியைத் திருப்பியதும் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லையா? பல்போ ஒயரோ கெட்டிருக்கலாம், உடனே பாருங்கள்.

ஓடும்போது எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் போதிய அழுத்தத்தில் ஓடவில்லை என்று அர்த்தம். மை போடாத மாட்டு வண்டி அச்சு தேய்கிற மாதிரிதான். ஆனால் இங்கே சில நிமிடத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். "சந்தை வரைக்கும் போயிடலாம்க்கா" என்று டிரைவர் தம்பி சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒரு லிட்டர் ஆயில் சில நூறு ரூபாய். இன்ஜின் வேலை பல ஆயிரம்.

சில வண்டிகளில் மஞ்சள் விளக்கு இருக்கும். அது ஆயில் அளவு குறைகிறது என்ற முன்னெச்சரிக்கை. அன்றைக்கே அளவு பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது

1. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.
2. சமதரையில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.
3. ஆயில் அளவுக் கம்பியை உருவி, துணியால் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு மறுபடி எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும்.
4. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், வண்டிப் புத்தகத்தில் சொன்ன ரக ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் நுரைக்கும், சீல் வழியாகக் கசியும்.
5. ஸ்டார்ட் செய்த சில வினாடியில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.
6. ஆயில் சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆயில் பம்ப் கோளாறாக இருக்கலாம். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது கட்டி இழுத்துப் போங்கள்.

ஆயில் எங்கே போனது?

ஊற்றியதோடு வேலை முடியாது. வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருந்தால் கசிவு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்பியில் பால் கலந்த காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கும், வண்டியை ஓட்டாதீர்கள்.

வாரம் ஒரு நாள் காலையில், வண்டி கிளம்பும் முன் இரண்டு உறுப்பினர் டிரைவரோடு நின்று அளவு பாருங்கள். தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் ஊற்றும் அளவு கூடினால் அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டத்தில் பேச: நம் வண்டியில் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினோம்? அளவுக் கம்பி எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?