கூடமும் காலமும்: பொருள்நோக்கு நிரலில் வளப் பங்கீடு

கலாசாலையொன்றில் உள்ள கூடங்கள் சில. அவற்றை வேண்டும் சங்கங்களோ பல. விவாத சங்கத்தார் விரும்பும் அதே முற்பகலை நாடகக் குழுவினரும் விரும்புவர். ஒரே புரொஜெக்டரை மூன்று துறையினர் ஒரே வேளையிற் கேட்பர். அளவுபட்ட பொருள்களை அளவுபட்ட காலத்தில் யார்க்கு, எப்பொழுது அளிப்பது என்னும் இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனையின் அறுவைக் கூடத்திற்கும், துறைமுகத்தின் பளுதூக்கிக்கும், இருப்புப்பாதை நிலையத்தின் நடைமேடைக்கும் பொதுவானதே. இதனைக் கணினிக்கு எடுத்துரைக்கும் வழிகளுள் ஒன்றாகிய பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் குறித்து, தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இம்முறை பிறந்ததே இத்தகைய சிக்கலினின்றாம். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், நார்வேக் கணக்கீட்டு நிலையத்திற் பணியாற்றிய கிறிஸ்டன் நைகார்டு, ஓலே-யோஹான் டால் என்னும் இருவரும் 1960-களில் சிமுலா என்னும் நிரல்மொழியை ஆக்கினர். வரிசையில் நிற்போர், அவர்க்குப் பணிசெய்யும் சாளரங்கள், பொறிகள், இடையிற் கழியும் காலம் ஆகியவற்றைக் கணினியிற் போலச்செய்து காண்பதே அதன் முதல் நோக்கம். சிமுலா 67 என்னும் பிற்பட்ட வடிவில், ஒத்த தன்மையுடைய பொருள்களுக்கு ஒரு பொது வரைவு வகுத்து அதனின்று வேண்டிய பொருள்களைத் தோற்றுவிக்கவும், ஒரு வரைவின் இயல்புகளை மற்றொன்று மரபாகப் பெறவும் வழி பிறந்தது. பின்னர் 1970-களில் அமெரிக்காவில் ஆலன் கே முதலியோர் ஸ்மால்டாக் மொழியை ஆக்கினர். ஜாவா, பைதான் முதலிய இக்கால மொழிகளும் இவ்வழி வந்த உறவினவே. டால், நைகார்டு இருவர்க்கும் 2001-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசு வழங்கப்பெற்றது. 2002-இல் சில வார இடைவெளியில் இருவரும் மறைந்தனர்.

மேற்கூறிய பொது வரைவினை 'வகுப்பு' என்றே தமிழில் எழுதுவார் பலர். கலாசாலையைப் பற்றி எழுதுங்கால் 'வகுப்பு வகுப்பிற் கூடியது' என்று எழுதும் இடர்ப்பாடு நேருமாதலின், யாம் 'இனம்' என்றே வழங்குவோம். 'பொருள்' என்பது அவ்வினத்தைச் சார்ந்த தனிப்பொருளைக் குறிக்கும். கூடம் என்பது இனம். நம் கலாசாலையின் கீழைக்கூடம் பொருள்.

இனங்களைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? சிக்கலை முதலில் எளிய வாக்கியங்களில் எழுதிக்கொள்க. அவற்றிலுள்ள பொதுப்பெயர் இனத்தையும், சிறப்புப்பெயர் தனிப்பொருளையும், வினைச்சொல் அதன் செயலையும் காட்டும் என்று 1983-இல் ரஸ்ஸல் அப்பட் என்பார் ஒரு வழி கூறினார். இலக்கணம் பயில்வார்க்கு இஃது எத்துணை இனிய செய்தி! 'விவாத சங்கத்தின் செயலர், வெள்ளிக்கிழமை காலை 9 மணி முதல் 10.30 வரை, நூறுபேர் அமரத்தக்க கூடமொன்றும் புரொஜெக்டர் ஒன்றும் வேண்டுகிறார்' என்னும் வாக்கியத்தை நோக்குக. நன்னூலார் கூறும் பெயர் வகை ஆறனுள், செயலரும் புரொஜெக்டரும் பொருட்பெயர், கூடம் இடப்பெயர், வெள்ளிக்கிழமை காலப்பெயர். நூறுபேர் என்னும் அளவோ கூடத்தின் பண்பாய் அதனுள் அடங்கும். அதற்கெனத் தனியினம் வேண்டா.

இவ்வழியிற் செல்லும் புதியவர் பெரும்பாலும் விட்டுவிடுவது தொழிற்பெயரை. கூடம், கருவி, செயலர் என்று கண்ணாற் காணப்படுவனவற்றிற்கெல்லாம் இனம் வகுத்துவிட்டு, 'வேண்டுகிறார்' என்பதனை வெறும் வினையென்று கழித்துவிடுவர். அவ்வினையையே பெயராக்கி 'வேண்டுகை' என்றும், அது நிறைவேறியவிடத்து 'ஒதுக்கீடு' என்றும் இரண்டு இனங்கள் வகுத்தாலன்றி, யார் கேட்டார், எப்பொழுது கேட்டார், எதனாற் கிடைக்கவில்லை என்பன தங்குவதற்கு இடமே இராது. கூடம் நாளையும் இருக்கும். வேண்டுகை ஒருநாளிற் பிறந்து மறைவது. ஆயினும் இச்சிக்கலின் உயிர்நிலை பின்னதே என்பது எம் கருத்து.

அடுத்து, காலம். தொடக்கமும் முடிவும் உடைய ஒரு துண்டினைக் 'காலவரை' என்னும் இனமாகக் கொள்வோம். இரண்டு காலவரைகள் ஒன்றோடொன்று மோதுமா என்பதே இங்கு எழும் ஒரே கேள்வி. ஒன்று மற்றொன்றினுள் அடங்கலாம், ஒன்றன் வால் மற்றொன்றன் தலையோடு பின்னலாம், இரண்டும் ஒத்திருக்கலாம். இவ்வகைகளைத் தனித்தனியே எண்ணி எழுதப்புகின் ஏதேனும் ஒன்று தப்பிவிடும். மோதாமையை எண்ணுதல் எளிது: முதலாவது முடிந்தபின் இரண்டாவது தொடங்க வேண்டும், அல்லது இரண்டாவது முடிந்தபின் முதலாவது தொடங்க வேண்டும், மோதாமைக்கு வேறு வழியில்லை. இதனை மறுத்துரைப்பின் விதி தானே வந்துவிடும்: முதலாவது, இரண்டாவது முடியுமுன் தொடங்கி, இரண்டாவதும் முதலாவது முடியுமுன் தொடங்குமாயின் மோதல் உண்டு. ஒன்பது முதல் பத்து வரை ஒரு கூட்டமும், பத்து முதல் பதினொன்று வரை மற்றொன்றும் நடைபெறலாமன்றோ? ஆதலின் தொடக்கக் கணம் காலவரையைச் சார்ந்தது, முடிவுக் கணம் சாராதது என்று கொள்க. நாற்காலிகளை ஒழுங்குசெய்யப் பத்து நிமிடம் வேண்டுமெனின், அப்பத்து நிமிடத்தையும் காலவரையிற் சேர்த்தே பதிக. விதியை வளைத்தல் ஆகாது.

இனி, மோதலை ஆராயும் பொறுப்பு யாருடையது? வேண்டுவோரே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் தம் பெயரை எழுதிக்கொள்வது ஒரு முறை. அதன் விளைவினை விழாக்காலங்களில் எந்தக் கலாசாலையிலும் காணலாம். பொருள்நோக்கு முறையிலோ, கூடமே தன் பதிவேட்டைத் தன்னுள் மறைத்து வைத்துக்கொள்ளும். பிறர் அதனை நோக்கி 'இக்காலவரையில் இடம் தர இயலுமா?' என்று கேட்கலாம். 'பதிந்துகொள்' என்று வேண்டலாம். ஏட்டைத் தொடுதல் இயலாது. கேட்டலும் பதிதலும் ஒரே செயலாய் நிகழ்தல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. இல்லையேல் இருவர் ஒரே கணத்திற் கேட்டு, இருவரும் 'இயலும்' என்னும் விடைபெற்று, இருவரும் பதிந்துவிடுவர்.

புரொஜெக்டரின் நிலை சற்று வேறு. ஒரே தன்மையுடைய மூன்று கருவிகள் உள்ளன. எது கிடைப்பினும் ஒன்றே. ஆகவே மூன்றினையும் ஒரு தொகுதியாகக் கொண்டு, புதிய வேண்டுகையோடு மோதுவன மூன்றுக்குக் குறைவாயின் தரலாம் என்று விதி செய்யத் தோன்றும். அவ்விதி பிழைபடும். 9 முதல் 10, 10 முதல் 11, 11 முதல் 12 என்று மூன்று ஒதுக்கீடுகள் முன்னரே இருப்ப, ஒருவர் 9 முதல் 12 வரை கேட்கிறார் என்க. மூன்றனோடும் அவர் மோதுகிறார். ஆயினும் எக்கணத்திலும் வழக்கில் இருப்பது ஒரு கருவியே. இரண்டு வாளா கிடக்கின்றன. எண்ண வேண்டியது மோதுவனவற்றின் தொகையன்று, ஒரு கணத்தில் உச்சமாகப் பயன்படுவனவற்றின் தொகை. கூடமும் கருவித் தொகுதியும் 'வளம்' என்னும் பேரினத்தின் கிளைகளாய் நின்று, 'தர இயலுமா?' என்னும் ஒரே வினாவிற்குத் தத்தம் முறையில் விடை தருகின்றன. கேட்பவர் அவ்வேறுபாட்டை அறிய வேண்டுவதில்லை. இதனையே பல்லுருமை என்பர்.

ஒரே வேண்டுகைக்குக் கூடமும் கருவியும் சேர்ந்து தேவைப்படின், இரண்டனையும் ஒருங்கே கேட்டு, இரண்டும் கிடைத்தாலன்றி எதனையும் பதியாத 'ஒதுக்குநர்' என்னும் இனம் வேண்டும். ஒருவர் கூடத்தைப் பற்றிக்கொண்டு கருவிக்கும், மற்றொருவர் கருவியைப் பற்றிக்கொண்டு கூடத்திற்கும் காத்திருப்பின், இருவரும் என்றும் காத்திருக்க வேண்டியதே. யாவரும் முதலிற் கூடம், பின்பு கருவி என்னும் ஒரே ஒழுங்கிற் பற்றினால் அம்முட்டுப்பாடு எழாது.

யாருடைய வேண்டுகையை முதலில் ஏற்பது என்பதனை ஒதுக்குநரினுள் எழுதிவிடாது, 'விதி' என்னும் தனியினமாக வைத்தல் நன்று, விதிகள் மாறுவன. ஓர் உதாரணம் காண்போம். ஒரே கூடத்தை ஆறு குழுவினர் வேண்டுகின்றனர்: பழைய மாணவர் சங்கம் 8.30 முதல் 12.30 வரை; விவாத சங்கம் 9 முதல் 10.30 வரை, நாடகக் குழு 10 முதல் 12 வரை, சிறப்புச் சொற்பொழிவு 10.30 முதல் 11.30 வரை, நூல் வெளியீடு 11 முதல் 1 வரை, பாடகர் குழு 11.30 முதல் 12.30 வரை. முந்தித் தொடங்குவதை முதலில் ஏற்பது விதியாயின், பழைய மாணவர் சங்கம் ஒன்றே இடம்பெறும். ஏனைய ஐந்தும் ஒழியும். முந்தி முடிவதை முதலில் ஏற்பது விதியாயின், விவாத சங்கமும், சொற்பொழிவும், பாடகர் குழுவும் ஆக மூன்று இடம்பெறும். இதனினும் மிகுதியாக எவ்விதியும் தர இயலாது. எவ்வாறெனின், சிறந்ததெனப்படும் எந்தப் பங்கீட்டை எடுத்துக்கொள்ளினும், அதன் முதற் கூட்டத்தை நீக்கி, எல்லாவற்றிலும் முந்தி முடிவதை அவ்விடத்தில் வைக்கலாம்; அது முன்னையதினும் பிந்தி முடியாதாகலின், பின்வருவன எதனோடும் மோதாது; தொகையும் குறையாது. எஞ்சியவற்றிற்கும் இவ்வாறே கொள்க. சிறுபொழுதினதை முதலில் ஏற்போம் என்பாரும் உளர். 9 முதல் 11, 11 முதல் 1 என்னும் இரண்டிற்கும் நடுவே 10.30 முதல் 11.30 வரை ஒன்று புகுந்து இரண்டனையும் கெடுத்தலைக் காட்டி அவரை மறுக்கலாம்.

ஆறு குழுவினர்க்கும் இடந்தர வேண்டுமெனின் எத்தனை கூடங்கள் தேவை? 11 முதல் 11.30 வரை நான்கு கூட்டங்கள் ஒருசேர நடைபெறுகின்றன. ஆதலின் நான்கிற் குறைதல் இயலாது. தொடக்க முறையே ஒவ்வொன்றையும் வெறுமையான கூடத்திற் புகுத்திச் செல்லின், நான்கே போதும் என்பதும் விளங்கும்.

முந்தி முடிவதை ஏற்கும் விதியின்கீழ், நான்கு மணிநேரம் வேண்டும் பழைய மாணவர் சங்கம் இத்தகைய நாளிலெல்லாம் ஒதுக்கப்படும் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். இவ்விதழை வாசிக்கும் அச்சங்கத்தார் எம்மேற் சினவாதிருப்பார்களாக. கூட்டங்களின் எண்ணிக்கையே சிறப்பு என்று முதலில் முடிவுசெய்தவர் மனிதரே, கணினியன்று.

இதுகாறும் கூடத்தையும் கருவியையும் மட்டுமே வளம் என்றோம். நூல்களில் ஆசிரியரும் பணியாளரும்கூட வளம் என்னும் இனத்தின் கிளைகளாகவே வரையப்படுவதுண்டு. தமிழிலக்கணம் பயின்ற காதிற்கு இது திணைவழுவாக ஒலிக்கின்றது. வழுவமைதி என்று கொள்ளலாமெனின், அமைதிக்குக் காரணம் வேண்டும். கூடத்தைக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை இடையறாது ஒதுக்கினும் கூடம் ஒன்றும் கூறாது. ஆசிரியர்க்கோ இளைப்பாறும் பொழுது வேண்டும். 'இயலாது' என்று மறுக்கும் உரிமை வேண்டும். காரணம் கூறாது மறுக்கும் உரிமையும் ஒரோவழி வேண்டும். இவை கூடத்தினிடம் இல்லாத செயல்கள். ஆகவே 'பதிந்துகொள்' என்னும் கட்டளையை ஏற்கும் வளத்தின் கிளையாக ஆசிரியரை வையாது, 'இசைகின்றீரா?' என்று கேட்கப்படும் வேறோர் இனமாக வைத்தலே தகும்; நிரலும் அதனாற் செம்மையுறும்.

இவ்வெண்ணம் சிமுலாவை ஆக்கியவர்க்கே தோன்றியதொன்றாம். 1970-களின் தொடக்கத்தில் நைகார்டு, நார்வே இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். தொழிற்சாலைகளில் வேலையைத் திட்டமிட்டு நடத்தும் கணினி முறைகளைத் தொழிலாளர் தாமே ஆராய்ந்தறியவும், அவற்றின் அமைப்பிற் சொல்லுரிமை பெறவும் அவ்வுழைப்பு பயன்பட்டது. அட்டவணையில் எழுதப்படுவோர் அட்டவணையின் விதிகளை அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முறை.

பண்புகளைத் தேர்வதிலும் இத்தகைய கவனம் வேண்டும். கூடத்தின் பண்பாக இருக்கைத் தொகையை மட்டும் எழுதிவைத்தால், மாடியிலுள்ள அறுபது இருக்கைக் கூடமும் தரைத்தளத்திலுள்ள அறுபது இருக்கைக் கூடமும் கணினிக்கு ஒன்றே. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர்க்கு அவை ஒன்றல்ல. அவருடைய பாடம் மாடிக்கு மாற்றப்படும் நாளில், நிரலிற் பிழையொன்றும் காணப்படாது. எல்லா விதிகளும் நிறைவேறியிருக்கும். அவர் மட்டும் படிக்கட்டின் கீழ் நிற்பார். 'படியின்றிச் செல்லலாமா' என்னும் ஒரு பண்பினைக் கூடத்திலும், அதனை வேண்டும் குறிப்பினை வேண்டுகையிலும் சேர்ப்பதற்கு இரண்டு வரிகள் போதும்.

ஒரு பருவம் முழுமைக்கும் ஆசிரியர், மாணாக்கர், கூடம் என்னும் மூன்றும் மோதாமல் அட்டவணை அமைத்தல் மேற்கூறியவற்றினும் மிகக் கடிது. பாடங்களைப் புள்ளிகளாகவும், ஒரே வேளையில் நடத்தலாகாத இரண்டனை இணைக்கும் கோடுகளாகவும் வரைந்து, இணைந்த புள்ளிகள் ஒரே நிறம் பெறாவண்ணம் சில நிறங்களால் தீட்டுதலை இஃது ஒக்கும். 1972-இல் ரிச்சர்டு கார்ப் என்பார் மிகக் கடியவென்று காட்டிய 21 சிக்கல்களுள் நிறந்தீட்டலும் ஒன்று. எல்லா நிலைகளிலும் அவற்றை விரைந்து தீர்க்கும் வழி இன்றுகாறும் ஒருவராலும் கண்டுபிடிக்கப்படவில்லை. இல்லையென்று நிறுவப்படவும் இல்லை. ஆதலின் இடர் மிக்க பாடங்களை முதலில் அமர்த்தி, எளியவற்றைப் பின்னர்ச் சேர்த்து, முட்டுமிடத்து இரண்டனை மாற்றிப் பார்த்துச் செல்வதே நடைமுறை. எவ்வழியிற் செல்லினும் முன்னர் வகுத்த இனங்கள் மாறா. விதி என்னும் இனத்தின் உள்ளுறுப்பே மாறும்.

இவற்றைப் பைதான் மொழியில் எழுத முற்படும் நண்பர், காலவரை என்னும் இனத்தை மட்டும் முதலில் எழுதிச் சோதித்துப் பார்ப்பாராக. 9 முதல் 10, 10 முதல் 11 மோதலாகாது. 9 முதல் 11, 10 முதல் 12 மோத வேண்டும். 9 முதல் 12, 10 முதல் 11 எந்த ஒழுங்கிற் கேட்பினும் மோத வேண்டும். தன்னோடு தானும் மோத வேண்டும். 11-இல் தொடங்கி 10-இல் முடியும் காலவரையோ பிறத்தலே ஆகாது.