சப்போட்டாவுக்கு அடியில் ஒரு பாலை

தின்ற பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் காய்க்கும்: சேலையூர், முடிச்சூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு முழம் மண் மிச்சமிருக்கிறவர்கள் பலரும் நம்புவது இது. முளைக்கும், சரி. ஆனால் சப்போட்டாக் கொட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும்; தாய்மரத்து ருசி வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஒட்டுக்கன்று மூன்றாம், நான்காம் வருடமே காய்க்கத் தொடங்கிவிடும்.

கிளையை வெட்டி நட்டாலே போதும் என்பது அடுத்தது. முருங்கைப் போத்து கொடுத்த தைரியம். சப்போட்டா, கொய்யாக் குச்சிகள் அவ்வளவு சுலபத்தில் வேர் விடா. தேனில் தோய்த்தாலும் கற்றாழை தடவினாலும் அப்படித்தான். கொய்யாவுக்குப் பதியன் போடுங்கள். பென்சில் தடிமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்புப் போகச் சுரண்டி, ஈரத் தென்னைநார்த்தூளை வைத்து, பாலிதீன் சுற்றி இறுக்கிக் கட்டவேண்டும். இலையில் தயாராகும் உணவு கீழே இறங்க வழியில்லாமல் வளையத்தின் மேல்விளிம்பில் தேங்கும். வேர் அங்கேதான் கிளம்பும். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், உழைப்பு வீண். நம் பக்கத்துக்கு ஐப்பசி மழை தொடங்கும் சமயம் தோதானது.

எனக்குப் பிடித்த நம்பிக்கை மூன்றாவது: "எங்க சப்போட்டா காட்டுமரமா மாறிடுச்சு!" மரம் மாறுவதில்லை. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த சப்போட்டாவை இங்கே பெரும்பாலும் பாலை மரத்தின் மேல்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். பாலை நம் சோழமண்டலக் கரைக் காடுகளின் மரம், வறட்சிக்கு அசையாது. 2016 டிசம்பர் 12 வர்தா மாதிரி ஒரு புயலில் மரம் ஒட்டுக்குக் கீழே முறிந்தால், துளிர்ப்பது பாலை மட்டுமே. மரம் நன்றாக இருக்கும்போதே அடியிலிருந்து பாலைத் துளிர் கிளம்புவதும் உண்டு. செழிப்பு என்று சந்தோஷப்பட்டு விட்டுவைத்தால் மேலே சப்போட்டா நலிந்துபோகும்.

இலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சப்போட்டா இலை நுனி குறுகி முடியும். பாலை இலை சிறியது, தடித்தது. அகன்ற நுனியின் நடுவில் நகத்தால் கிள்ளியதுபோல் ஒரு பள்ளம். அந்தத் துளிரை அடியோடு கிள்ளி எறியுங்கள். நர்சரியில் வாங்கும்போது ஒட்டு முடிச்சைத் தடவிப் பாருங்கள், நடும்போது அது மண்ணுக்கு மேலே நிற்கட்டும்.

சப்போட்டா ஏற்கெனவே பட்டுப்போய்ப் பாலை மட்டும் நிற்கிறதா? வெட்ட அவசரம் வேண்டாம். சின்னச் சின்ன மஞ்சள் பழம், நல்ல தித்திப்பு. ஈழத்து வன்னியில் பாலைப்பழத்துக்காகக் காட்டுக்கே போவார்கள்.