சிற்றூருக்கு ஏன் இத்தனை பெரிய தேவாலயங்கள்?

கேள்வி: அல்பேனியாவில் வொஸ்கோபோயா என்ற மலையூரை ஒரு பயணப் படத்தில் பார்த்தேன். ஆடு மேயும் சிற்றூர்தான். ஆனால் சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த பெரிய தேவாலயங்கள் இருக்கின்றன. எப்படி வந்தன?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். துருக்கியர் வருவதற்கு முன்பே கட்டியிருப்பார்கள், முஸ்லிம் ஆட்சியில் இவ்வளவு பெரிதாக யார் கட்டவிட்டிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. புனித நிக்கோலாஸ் தேவாலயம் எழுந்தது 1720களில். அதன் சுவர்களில் டேவிட் செலெனிட்சா என்ற ஓவியர் 1726-இல் வரைந்தார். அல்பேனியா உதுமானியப் பேரரசின் கீழ் வந்து அப்போது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இவை சுல்தான் காலத்துத் தேவாலயங்களே.

அப்படியானால் பணம்? கடல்மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேலே விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. ஊரில் பெரும்பாலோர் அரோமேனியர், அதாவது லத்தீனிலிருந்து பிறந்த ஒரு மொழியைப் பேசும் மேய்ப்பர்கள். கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் மந்தையை ஓட்டியவர்களுக்குப் பாதைகளெல்லாம் அத்துப்படி. கோவேறு கழுதைகளில் கம்பளியும் தோலும் ஏற்றினார்கள். சரக்கு வெனிஸுக்குப் போனது, பிறகு வியன்னாவுக்கும். மேய்ப்பர் வணிகரானார்.

காசு வந்ததும் அச்சகம் வந்தது. 1744-இல் ‘புதிய அகாதெமி’ என்ற பெயரில் உயர்கல்விக்கூடமும் வந்தது. வீட்டில் அரோமேனிய மொழி, பள்ளியிலும் வணிகத்திலும் கிரேக்கம். அந்த அகாதெமியின் தலைமையாசிரியர் கவலியோத்திஸ் 1770-இல் வெனிஸில் அச்சிட்ட பாடநூலில் கிரேக்கம், அரோமேனியம், அல்பேனியம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சொற்பட்டியல் உண்டு. அன்று அறுபதாயிரம் பேர் இங்கே வாழ்ந்ததாகச் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. ஊர்ப்பெருமைக்கு எண்ணிக்கையை ஊதிப் பெருக்கும் பழக்கம் உண்டு.

1769-இல் ஆயுதக் கூட்டங்கள் ஊரைச் சூறையாடின, 1788-இல் மறுபடியும். கொள்ளை போன ஊர்கள் மீண்டதில்லையா என்று கேட்பீர்கள். மீண்டவற்றுக்குப் பெரும்பாலும் நல்ல நிலமோ துறைமுகமோ இருந்தது. இந்த ஊரின் செல்வமோ வணிகரின் தொடர்புகளில் இருந்தது. அவர்கள் வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் குடிபெயர்ந்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. இருபதுக்கு மேல் இருந்த தேவாலயங்களில் சிலவே இன்று எஞ்சியிருக்கின்றன. உலகப் போர்களும் தம் பங்குக்கு எரித்தன.

போன செல்வத்தையும் பார்க்க வழி உண்டு. ஏதென்ஸ் போனால் அங்குள்ள அகாதெமிக் கட்டடத்தைப் பாருங்கள். அதற்குப் பணம் கொடுத்த வியன்னா வங்கியாளர் சீமோன் சீனாவின் குடும்பம் வொஸ்கோபோயாவிலிருந்து போனதுதான்.