முகவரி மாறினும் சான்று மாறாமை: இணைய மேற்கோள்களின் நிலைபேறு – சேலம், நாமக்கல் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணையதளம் ஒன்று தன் முகவரி அமைப்பை மாற்றும்போது, அத்தளத்தைச் சான்றாகக் காட்டிய ஆய்வுகளின் அடிக்குறிப்புகள் பயனற்றுப் போகின்றன. பொருளின் அடையாளத்தையும் அதன் இருப்பிடத்தையும் வேறுபடுத்திக் காண்பதே இச்சிக்கலுக்குத் தீர்வு என்பதைச் சேலம், நாமக்கல் மாவட்டச் சான்றுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. முகவரி மாற்றத்தின்போது தளத்தாரும் மேற்கோள் காட்டும்போது ஆய்வாளரும் கடைப்பிடிக்க வேண்டியவற்றையும் இது தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இணைய முகவரி, வழிமாற்று, நிலையான அடையாள எண், ஒருங்குறி, அடிக்குறிப்பு.

முன்னுரை

அடிக்குறிப்பு என்பது ஆய்வாளர் தம் வாசகருக்கு அளிக்கும் உறுதிமொழி. கூறிய செய்தியை வாசகர் தாமே சென்று சரிபார்க்கலாம் என்பதே அதன் பொருள். அச்சு நூலைச் சுட்டும் குறிப்பில் இவ்வுறுதிமொழி எளிதில் பிறழ்வதில்லை. நூலகம் இடம் மாறினாலும் நூலின் பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவை மாறுவதில்லை. இணையச் சான்றின் நிலை வேறு. பக்கம் அழியாமல் இருக்கும்போதே அதற்குச் செல்லும் வழி அழிந்துவிடக்கூடும். அமெரிக்காவின் ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் முதலிய இதழ்களில் சுட்டப்பெற்ற இணைய முகவரிகளுள் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை மூலச் செய்தியைத் தரவில்லை என்று ஜோனதன் ஜிட்ரெய்ன், கெண்ட்ரா ஆல்பர்ட், லாரன்ஸ் லெசிக் ஆகியோர் தம் ஆய்வில் கண்டறிந்தனர். தமிழாய்வேடுகளில் இணையச் சான்றுகள் பெருகிவரும் இக்காலத்தில் இச்சிக்கல் நமக்கும் உரியதே.

இடப்பெயரும் அடையாளமும்

முகவரி மாற்றம் தமிழாய்வுக்குப் புதியதன்று. நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 முதல் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து இயங்கத் தொடங்கியது. அதற்கு முன் வெளிவந்த நூல்கள் பல, திருச்செங்கோடு, இராசிபுரம் முதலிய ஊர்களைச் சேலம் மாவட்டத்தின்கீழ்க் குறிப்பிடுகின்றன. சேலத்தினின்று தருமபுரி பிரிந்தது 1965இல். தருமபுரியினின்று கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஓசூர்ப் பகுதிச் சான்று ஒன்று, வெளிவந்த ஆண்டினைப் பொறுத்து, மூன்று மாவட்டப் பெயர்களுள் ஏதேனும் ஒன்றின்கீழ் அமையலாம்.

எனினும் கல்வெட்டு மேற்கோள்கள் இதனால் வழி தவறுவதில்லை. கல்வெட்டியல் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டும் ஆண்டும் வரிசை எண்ணும் கொண்டு சுட்டப்பெறுகிறது. அந்த எண்ணில் மாவட்டத்தின் பெயர் இடம்பெறுவதில்லை. ஆதலின் மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் எண் நிலைத்து நிற்கிறது. இணைய முகவரிக்கும் இந்நெறியே பொருந்தும்.

இரு சான்றுகள்

சேலம், நாமக்கல் மாவட்ட நிருவாகங்களின் இணையதளங்கள் முன்னர் மாவட்டப் பெயரை அடுத்துத் தமிழ்நாட்டைக் குறிக்கும் ‘டிஎன்’ என்னும் பகுதியையும் அதன்பின் ‘என்ஐசி.இன்’ என்பதையும் கொண்ட முகவரிகளில் இயங்கின. தற்போது ‘டிஎன்’ நீங்கி, மாவட்டப் பெயரை அடுத்து ‘என்ஐசி.இன்’ என்றே அமைந்துள்ளது. வாசகருக்கு இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். கணினிக்கோ இவை வெவ்வேறு முகவரிகள். பழைய முகவரியினின்று புதியதற்குச் செல்லும் வழியைத் தளத்தார் அமைத்துக் காத்தாலன்றி, பழைய முகவரியைச் சுட்டிய ஆய்வேட்டின் குறிப்பு வாசகரை உரிய பக்கத்திற்குக் கொண்டு செல்லாது.

இதற்கு மாறான சான்று ஷோத்கங்கா. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு நெறிமுறைகளைத் தொடர்ந்து இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இதில் சேர்க்கப்பெற்று வருகின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இதில் உள்ளன. இத்தளத்தின் ஆய்வேடுகளைச் சுட்டும் குறிப்புகளில் முகவரி மூவகையாகக் காணப்படுகிறது. சிலவற்றில் தளப்பெயரை அடுத்து 8080 என்னும் எண்ணும் ‘ஜேஎஸ்பியுஐ’ என்னும் சொல்லும் வரும்; சிலவற்றில் அச்சொல் மட்டும் வரும்; சிலவற்றில் இரண்டும் இரா. மூன்றிலும் மாறாமல் நிற்பது ‘ஹேண்டில்’ என்னும் அடையாள எண்ணே. அதில் 10603 என்பது ஷோத்கங்காவைக் குறிக்கும். சாய்கோட்டினை அடுத்து வரும் எண் குறிப்பிட்ட ஆய்வேட்டினைக் குறிக்கும். கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணின் பணியையே இவ்வெண்ணும் செய்கிறது. மென்பொருளின் பெயரும் வாயில் எண்ணும் இருப்பிடம் சார்ந்தவை. ஹேண்டில் எண் பொருள் சார்ந்தது.

தமிழ்த் தலைப்புகளால் எழும் சிக்கல்

தளங்கள் பல, எண் வழி முகவரியைக் கைவிட்டுக் கட்டுரைத் தலைப்பையே முகவரியாக அமைக்கின்றன. தமிழைப் பொறுத்தவரை இதில் தனிச் சிக்கல்கள் உள்ளன. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்துருக்களாக விரியும். ‘சேலம்’ என்னும் சொல் ஐந்து குறிகளால் ஆனது. ஆகவே முகவரியில் அது 45 எழுத்துருக்களாகிறது. ‘நாமக்கல்’ 72 ஆகிறது. இத்தகைய நீண்ட முகவரி அச்சில் வரி உடைந்து சிதைவதும் படியெடுக்கையில் பிழைபடுவதும் எளிது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குப் புலனாகாதது. ‘கொல்லிமலை’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் உள்ளிடலாம். எகரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயின் முகவரியில் முன்னது 81 எழுத்துருக்கள், பின்னது 90. ஒருங்குறியின் இயல்பாக்க முறையைத் தளம் பின்பற்றாவிடில், சரியாகத் தட்டச்சு செய்த வாசகருக்கும் ‘பக்கம் இல்லை’ என்னும் விடையே கிட்டும். ஆகவே தலைப்பை முகவரியில் சேர்ப்பினும் பழைய வரிசை எண்ணை உடன் வைத்திருத்தலே பாதுகாப்பானது.

தளத்தார் கடன்

முகவரி அமைப்பை மாற்றுமுன் பழைய முகவரிகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும். வழங்கியின் பதிவேடுகள் இதற்கு உதவும். பின்னர் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் நேரான புதிய முகவரியைக் குறிக்க வேண்டும். எண் காக்கப்பட்டிருப்பின் ஆயிரம் பக்கங்களுக்கும் ஒரே விதி போதும். எண் கைவிடப்பட்டிருப்பின் ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைத்தல் வேண்டும்.

நிலையான மாற்றத்தை வழங்கி 301 என்னும் குறியீட்டால் அறிவிக்க வேண்டும். 302 என்பது தற்காலிக மாற்றத்தையே குறிக்கும். இரண்டாம் முறை முகவரி மாறும்போது, முதல் முகவரியையும் நேரே மூன்றாவதற்குத் திருப்ப வேண்டும். வழிமாற்றுகள் சங்கிலியாக நீளலாகாது. பழைய முகவரிகள் அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடுதல் பெரும்பிழை. வாசகர் நாடியது அங்கில்லை. அது தவறிப்போனது என்பதையும் அவர் அறியார். நீக்கப்பட்ட பக்கத்திற்கு 410 என்னும் குறியீட்டால் நேர்மையாக விடை தருதலே தகும். முகவரியில் ‘#’ குறிக்குப் பின் வரும் பகுதி வழங்கியைச் சென்றடைவதில்லை. ஆதலின் பாடல் எண், இயல் எண் முதலிய உட்குறிகளைப் புதிய பக்கத்திலும் அவ்வாறே காத்தல் வேண்டும். தளப்பெயரே மாறினால், பழைய பெயரின் பதிவையும் தொடர்ந்து புதுப்பித்துவர வேண்டும்.

ஆய்வாளர் கடன்

தளத்தாரை மட்டும் நம்பியிருத்தல் ஆய்வாளர்க்கு ஏற்றதன்று. ஹேண்டில் முதலிய நிலையான எண் இருப்பின், உலாவியின் முகவரிப் பட்டையில் தோன்றுவதை விடுத்து அவ்வெண்ணையே சுட்ட வேண்டும். முகவரியோடு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பார்த்த நாள் ஆகியவற்றையும் தரல் வேண்டும். வழி அடைபட்டாலும் இவற்றைக் கொண்டு வாசகர் தேடிக் காண இயலும். எண் இல்லாத பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ வாயிலாகச் சேமித்து, அப்படியின் முகவரியையும் உடன் குறிக்கலாம். அம்முகவரியிலேயே சேமித்த ஆண்டும் நாளும் நேரமும் அடங்கியிருத்தல் கூடுதல் பயன்.

முடிவுரை

சேலம் நாமக்கல்லாகப் பிரிந்தபோது கல்வெட்டுகள் இடம்பெயரவில்லை. அவற்றைச் சுட்டிய எண்களும் மாறவில்லை. இணையப் பக்கத்திற்கும் அத்தகைய மாறா அடையாளம் ஒன்று தேவை. மென்பொருளையும் தளப்பெயரையும் முகவரி அமைப்பையும் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அடையாளம் காக்கப்பட்டு, பழைய வழி புதிய வழியோடு முறையாக இணைக்கப்பட்டால், இன்றைய ஆய்வேட்டின் அடிக்குறிப்பு அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கும் சான்றாக நின்று பயன்தரும்.