தரைக்கு மண், உடம்புக்குத் தண்ணீர்: வீட்டிலும் வேலைத்தலத்திலும் நச்சுப்பொருள் சிந்தினால்

பல காலம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் நாம் செய்ய நினைக்கும் முதல் வேலை கழுவுவதுதான். கிணற்றில் தண்ணீர் அள்ளி, விறாந்தை முதல் குசினி வரை ஊற்றித் தேய்த்தால்தான் சொந்த வீட்டுக்கு வந்த மனம் வரும். ஆனால் சாமான் அறையின் மூலையில் பழைய பூச்சிமருந்துப் போத்தல் ஒன்று உடைந்து கிடந்தால், அதே தண்ணீர் நஞ்சை அறையிலிருந்து வளவுக்கும் வளவிலிருந்து கிணற்றுக்கும் கொண்டுபோய்விடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரில் சேரும். அங்கே வற்றாத ஆறு இல்லை, கிணறுதான் உயிர். வன்னியில் மாரி மழை அதை வாய்க்காலுக்கும் குளத்துக்கும் இழுத்துச் செல்லும். ஆகவே ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தரையில் சிந்தினால் முதலில் மண், உடம்பில் பட்டால் உடனே தண்ணீர்.

பழைய போத்தல்கள்

நீங்கள் இடம்பெயர்ந்த பின் தடைசெய்யப்பட்ட மருந்துகளும் வீட்டில் கிடக்கலாம். இலங்கையில் மொனோகுரோட்டோபோஸ், மெத்தமிடோபோஸ் ஆகியவை 1995 இலும் எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. பரகுவாட் என்ற களைநாசினி 2008 முதல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. “நல்ல மருந்து, வீணாக்கக் கூடாது” என்று எடுத்து வைக்காதீர்கள். லேபல் அழிந்துபோன போத்தலை நஞ்சு என்றே கொள்ளுங்கள். மணந்து பார்க்கவும் வேண்டாம். வெறும் போத்தலில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

சிந்தியதை அகற்றும் முறை

1. பிள்ளைகளையும் ஆடு, கோழிகளையும் அப்புறப்படுத்துங்கள். கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டுக் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். மூக்கில் கட்டும் துணி நச்சு ஆவியைத் தடுக்காது. தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள்.

2. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, இறப்பர் கையுறை அணியுங்கள். கையுறை இல்லாவிட்டால் கிழியாத பொலித்தீன் பைகளை இரண்டிரண்டாகக் கைகளில் கட்டுங்கள்.

3. சிந்திய இடத்தைச் சுற்றி உலர்ந்த மண்ணால் வரம்பு கட்டுங்கள். பிறகு மேலே மண்ணைப் போட்டு ஊற விடுங்கள். தூளாக இருந்தால் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், தூசு எழும். மண்ணை மெதுவாகப் போட்டு மூடுங்கள்.

4. ஊறிய மண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சேர்த்துப் பழைய தகட்டால் அள்ளுங்கள். இரட்டைப் பையில் கட்டி, மூடியுள்ள வாளியில் இட்டு, “நஞ்சு” என்று எழுதுங்கள். தரை உலரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

5. கடைசியில் சவர்க்காரமும் கொஞ்சத் தண்ணீரும் கொண்டு தேயுங்கள். அந்தத் தண்ணீரையும் மண்ணில் ஊற வைத்து அள்ளுங்கள்.

6. வாளியைப் பூட்டிய இடத்தில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ விவசாயப் போதனாசிரியருக்கோ அறிவியுங்கள். எரிக்கவோ கிணற்றில், குளத்தில், மலசலகூடத்தில் போடவோ வேண்டாம்.

மண் எடுக்கும்போது கவனம்! கண்ணிவெடி அகற்றி உங்களிடம் கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் எடுங்கள். இனந்தெரியாத உலோகப் பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

வேறு பொருள்கள்

மண்ணெண்ணெய், பெற்றோல்: அருகில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது. மின் ஆளியைப் போடவோ நிறுத்தவோ வேண்டாம். மண் போட்டு அள்ளுங்கள்.

பற்றரி அசிட்: சுற்றி மண் வரம்பு கட்டி, நுரைப்பது நிற்கும் வரை அப்பச்சோடாவை மெதுவாகத் தூவி அள்ளுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்குப் போடும் குளோரீன் தூள்: உலர்ந்த நிலையிலேயே தனியாக அள்ளுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் சேர்ந்தால் மூச்சடைக்கும் நச்சு வாயு எழும். மண்ணெண்ணெய், மரத்தூள் அருகிலும் வைக்க வேண்டாம்.

வேலைத்தலத்தில்

கூலிக்குத் தோட்டம் துப்புரவாக்கப் போனாலும் கராச்சில் வேலை செய்தாலும், சிந்தியது என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. கையுறையும் காலணியும் தராமல் அள்ளச் சொன்னால் அள்ள வேண்டாம். ஒரு நாள் கூலிக்காக உடம்பைப் பணயம் வைக்காதீர்கள்.

உடம்பில் பட்டால்

உடுப்பைக் கழற்றி, பட்ட இடத்தை 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றுங்கள். யாராவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியோடு சுவாசப்பைக்குள் போய்விடும். பாலோ எண்ணெயோ பருக்க வேண்டாம். அதிக வியர்வை, எச்சில் வடிதல், வாந்தி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் ஆகியவை பூச்சிமருந்து நஞ்சேறியதன் அறிகுறிகள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி கிடைக்கும். போத்தலையும் பையில் கட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் வைத்தியர் விரைவாகச் சிகிச்சை தொடங்கலாம்.

குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. எங்கள் வீட்டில் இன்னும் திறந்து பார்க்காத அறை, பெட்டி எது? அதை யார் திறப்பது?
2. பிள்ளை ஒரு பழைய போத்தலைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?
3. உலர்ந்த மண் நிரப்பிய வாளியை எங்கே வைப்போம்?

மூன்றாவது கேள்விக்கு இன்றே விடை காணுங்கள். ஒரு வாளி மண்ணுக்குக் காசு தேவையில்லை. கெட்டுப்போன கிணற்றைத் திருத்துவது இலேசான காரியமல்ல.